இமை கொட்டாத சாட்சிகள்

"ஆ... ஆ... ஆ... ஆ!"

அலறல் கேட்டது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்காததற்குக் காரணம் இருந்தது. அந்தக் குட்டி ப்ரிவியூ தியேட்டருக்குள் மதியத்திலிருந்து அலறலாகத்தான் இருந்தது. திரையில் மருமகள் அலறினாள். மாமியார் அலறினாள். ஒரு காட்சியில் குக்கர்கூட அலறியது. 'பூட்டிய வீட்டு மருமகள்' சீசன் டூ! ஆறு எபிசோடையும் ஒரே மூச்சில் விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டினால் நாலு நல்ல வார்த்தை எழுத மாட்டார்களா என்று சானலுக்கு ஒரு நப்பாசை.

ஆனால் இந்த அலறல் திரையிலிருந்து வரவில்லை.

திரை வெள்ளையாக இருந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அலறியது சானலின் பி.ஆர்.ஓ. பெண். முடிந்ததும் கொடுக்கலாம் என்று அவள் கொண்டுவந்த காபித் தட்டு தரையில் கிடந்தது.

தேள் திடுக்கிட்டுக் கண் விழித்தார்.

தேள் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. அவரிடம் கொட்டு வாங்கியவர்கள் வைத்தது. வார இதழ் ஒன்றில் 'இமை கொட்டாமல்' என்று டி.வி. தொடர்களை விமர்சித்து ஒரு பக்கம் எழுதுகிறார். இமை கொட்டாமல் பார்த்துவிட்டு ஆளைக் கொட்டுவார் என்பது தொழிலில் இருக்கிறவர்களின் வயிற்றெரிச்சல்.

விழித்ததும் வழக்கம்போல வாயைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் இருந்த டைரக்டரை முழங்கையால் இடித்தார்.

"க்ளைமாக்ஸ் கொஞ்சம் இழுவை சார்... மத்தபடி பரவால்ல."

டைரக்டர் பதில் சொல்லவில்லை.

மெல்லச் சரிந்தார். வழுக்கைத் தலை தேளின் தோளில் வந்து சாய்ந்தது. கண்கள் திறந்திருந்தன. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கழுத்தில், சானல் எல்லோருக்கும் மாட்டிவிட்ட அடையாள அட்டையின் டேக்... சதைக்குள் புதைந்து இறுகிக் கிடந்தது!

இப்போது தேள் அலறினார். மருமகளைவிட நன்றாகவே அலறினார்.

*

இன்ஸ்பெக்டர் பெண்மணி குள்ளமாக இருந்தாள். வாயில் ஒரு புதினா மிட்டாய். கண்ணில் ஒரு சந்தேகம். இரண்டும் கரைவதாகத் தெரியவில்லை.

"கதவு?" என்றாள்.

"ஒரே கதவுதான் மேடம்" என்றாள் பி.ஆர்.ஓ. அழுததில் மை கன்னம் வரை வந்திருந்தது. "ஆரம்பிச்சதுலேர்ந்து நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் உள்ளே போகல. யாரும் வெளியே வரல."

"நீங்க ஏன் உள்ளே இருந்து பார்க்கல?"

"எனக்கு ரெண்டு குழந்தை இருக்கு மேடம்... உடம்பைப் பார்த்துக்கணும்."

"ஓட்டுறவர்?"

"ஆபரேட்டர் மாடியில கண்ணாடி ரூம்ல. அங்கேர்ந்து ஹாலுக்கு வழியே கிடையாது."

இன்ஸ்பெக்டர் ஹாலைச் சுற்றி ஒரு நடை போனாள். இருபது சீட். உள்ளே இருந்தது நாலே பேர். ஒருவர் இப்போது வெள்ளைத் துணிக்குக் கீழே இருந்தார். பின்னாலிருந்து டேக்கைப் பிடித்து இறுக்கியிருக்கிறார்கள், சுமார் பாதிப் படத்தில் உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மீதி மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள்.

முதலாமவர் தேள்.

இரண்டாமவர் நட்சத்திரம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்தைக் காட்டி வீடியோவில் விமர்சனம் செய்பவன். எல்லாவற்றுக்கும் அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதுதான் பேச்சு. கல்யாணத்துக்குப் போனாலும் மணப்பெண்ணுக்கு நட்சத்திரம் போடுவான் என்று ஒரு கேலி உண்டு.

மூன்றாமவர் சர்க்கரை. ஐம்பது வயது. பஞ்சு மனது. யாரையும் ஒரு வார்த்தை குறைத்து எழுதியதில்லை. சிக்னல் போய் டி.வி.யில் புள்ளி பறந்தால்கூட 'புதுமையான ஒளிப்பதிவு' என்று எழுதுகிற ஜென்மம். இப்போது கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"யார் எங்கே உட்கார்ந்திருந்தீங்க?"

"நான் முதல் வரிசை" என்றான் நட்சத்திரம்.

"நான்... கடைசி வரிசை... மூலையில" என்றார் சர்க்கரை, விசும்பலுக்கு நடுவே.

"நான் நடு வரிசை. டைரக்டருக்குப் பக்கத்து சீட்" என்றார் தேள்.

"சரி. படம் ஓடும்போது யாராவது எழுந்து நடந்தாங்களா? உங்கள்ல யாராவது தூங்கிட்டீங்களா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

தூக்கமா? ஒரு விமர்சகனைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? சமையல்காரனைப் பார்த்து 'உப்பு போடத் தெரியுமா' என்று கேட்பதுபோல அல்லவா இருக்கிறது!

"நானா? தூங்குறதா?" என்றான் நட்சத்திரம். "ஒரு ஃப்ரேம் விடல மேடம்! யாரும் அசையல."

"நான் கண்ணே மூடல மேடம்" என்றார் சர்க்கரை. "யாரும் நடமாடல."

"என் பக்கத்துக்குப் பேரே 'இமை கொட்டாமல்'" என்றார் தேள், கழுத்தை விறைத்துக்கொண்டு. "ஆறு எபிசோடும் ஆணி அடிச்ச மாதிரி பார்த்தேன். ஒரு ஈ பறந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்கும்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளை இவரைப் பார்த்திருந்தால் ஆறுதல் அடைந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"ரொம்ப நல்லது. மூணு பேரும் முழிச்சிருந்தீங்க. ஹால்ல யாருமே எழுந்து நடக்கல. அப்படின்னா உட்கார்ந்த இடத்துலேர்ந்தே கை எட்டுற ஒரு ஆள்தான் இதைச் செஞ்சிருக்கணும்... இல்லையா தேள் சார்?"



"மே... மேடம்?"

"ஈ பறந்தாக்கூடத் தெரியும்னீங்க. பக்கத்து சீட்ல ஒரு மனுஷன் கழுத்து நெரிபட்டு, கை காலை உதைச்சு, உயிரை விட்டிருக்கார். அது மட்டும் தெரியலையா?"

"அது வந்து..."

"ரெண்டுல ஒண்ணு சார். நீங்க பார்த்தீங்க. இல்லைன்னா நீங்க செஞ்சீங்க!"

சர்க்கரை கைக்குட்டையை விலக்கினார்.

"மேடம்... சொல்லக் கூடாது. ஆனா மனசாட்சி கேக்கல. மூணாவது எபிசோட்ல, அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து மருமக அலறுவாளே, அந்த நேரத்துல தேள் சார் டைரக்டர் பக்கமா ரொம்ப சாய்ஞ்சார். ஏதோ ரகசியம் பேசறார்னு நினைச்சேன்..."

"யோவ் சர்க்கரை!" தேள் கத்தினார்.

"எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல சார்" என்று மறுபடியும் அழத் தொடங்கினார் சர்க்கரை.

இன்ஸ்பெக்டர் தேளை நெருங்கினாள்.

"உங்களுக்கும் டைரக்டருக்கும் ஆகாதாமே?"

"விமர்சனம்தான் மேடம். தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல."

"முதல் சீசன் வந்தப்போ, 'இதை ரசித்துப் பார்ப்பவர்களுக்கு உடனடியாக மருத்துவ உதவி தேவை'ன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆ... ஆமா. ஒரு நகைச்சுவைக்கு..."

"நான் ரசிச்சுப் பார்த்தேன்" என்றாள் இன்ஸ்பெக்டர். "என் மாமியாரும் ரசிச்சாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்."

போச்சுடா!

தேள் சுவரில் சாய்ந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து எப்போதோ வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து நட்சத்திரத்தின் போன் 'டிங்' என்றது.

திரையைப் பார்த்தவன் முகம் மாறியது.

"சார்... உங்க விமர்சனம் வந்திருச்சு! பத்திரிகையோட வெப்சைட்ல, இப்ப!"

"எந்த விமர்சனம்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இந்த சீரியலுக்குத்தான் மேடம். சீசன் டூ!"

"படி."

தேள் பாய்ந்து போனைப் பிடுங்கப் போனார். கான்ஸ்டபிள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

நட்சத்திரம் உற்சாகமாகப் படித்தான். "'ஆறு எபிசோடையும் இயக்குநருக்குப் பக்கத்திலேயே அமர்ந்து இமை கொட்டாமல் பார்த்தேன். நான் நெளிந்தேன், அவரோ ஆடாமல் அசையாமல் அமர்ந்திருந்தார்...'"

"அப்புறம்?"

"'மூன்றாவது எபிசோடில் அவருடைய கழுத்தை நெரித்துவிடலாமா என்று தோன்றியது. இதைப் படிக்கும்போது, அந்தப் புண்ணியத்தை யாரோ கட்டிக்கொண்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தால் மகிழ்வேன்!'"



"சார்" என்றாள் இன்ஸ்பெக்டர், கிட்டத்தட்ட மரியாதையாக. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாக்குமூலத்தை நான் பார்த்ததே இல்ல."

*

தேளுக்கு வேர்த்தது. ஏ.சி.யையும் மீறி வேர்த்தது.

தப்பிக்க ஒரே வழிதான். 'தூங்கிவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். 'பார்க்காமலே காலையில் எழுதி அனுப்பிவிட்டேன்' என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் உயிர் மிஞ்சும். ஆனால் பக்கம் போய்விடும், பேர் போய்விடும். நாளைக்கு இந்த நட்சத்திரப் பயல் அதை வீடியோவாகப் போட்டு மைனஸ் அஞ்சு நட்சத்திரம் கொடுப்பான்.

சொல்லாவிட்டால் தூக்கு.

கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பேரைவிடக் கழுத்து முக்கியமாகத் தெரிந்தது.

"மேடம்... நான் தூங்கிட்டேன்."

"என்னது?"

"தூங்கிட்டேன் மேடம்! டைட்டில்லேயே தூங்கிட்டேன்! உட்கார்ந்ததும் ஏ.சி. காத்து நேரா வழுக்கை மண்டையில அடிச்சுது. அடிச்சா எனக்குத் தூக்கம் வராது. இருட்டானதும் டைரக்டர்கிட்ட, 'சார், இங்கேர்ந்து திரை சரியாத் தெரியல, இடம் மாத்திக்கலாமா'ன்னு கேட்டேன். பாவம், நல்ல விமர்சனத்துக்காக அந்த மனுஷன் கிட்னியே கேட்டாலும் கொடுத்திருப்பார். மாறி உட்கார்ந்தார். நான் கண்ணை மூடினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்!"

"பக்கத்துல ஒரு ஆள் உதைச்சிட்டுச் சாகறார். முழிப்பு வரலையா?"

தேள் தலையைக் குனிந்தார்.

"யாரோ காலால இடிச்ச மாதிரி இருந்துது. நான்... 'தள்ளிப் படும்மா'ன்னு சொன்னேன்னு நினைக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை.

"இப்ப மாட்டினதும் தூக்கமா? உங்க வீட்டு நம்பரைச் சொல்லுங்க. உங்க சம்சாரத்தையே கேட்டுடுவோம்."

தேளின் முகம் மலர்ந்தது. அப்பாடா! கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனாலும் விழிக்காதவர் என்று கல்யாணமான நாளிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள் அவர் மனைவி. ஒரு வார்த்தை போதும்!

ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"ஹலோ?"

"அம்மா, உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு விசாரணை. சீரியல் பார்க்கும்போது அவர் தூங்குவாரா?"

மறுமுனையில் ஒரு நொடி மௌனம்.

அந்த ஒரு நொடியில்தான் தேளுக்கு அது ஞாபகம் வந்தது. 'யார் போன் பண்ணி என்ன கேட்டாலும், நான் முழிச்சுப் பார்த்துட்டிருக்கேன்னு சொல்லு. மறந்துடாதே! நம்ம சோறு அதுல இருக்கு!' இதைப் பாடமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தவரே அவர்தான்.

"ஐயையோ, என்னங்க இப்படிக் கேக்கறீங்க!" என்றாள் மனைவி. "அவரா? தூங்கறதா? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பாருங்க! பக்கத்துல ஊசி விழுந்தாத் திரும்பிப் பார்ப்பாரு!"

"அடியே, நிஜத்தைச் சொல்லுடி!" தேள் கதறினார்.

"பார்த்தீங்களா, இப்பக்கூட முழிச்சுத்தான் இருக்காரு" என்றாள் அவள் பெருமையாக. "கவலைப்படாதீங்க, நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்!"

போன் அணைந்தது.

"நல்ல குடும்பம்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"மேடம், எங்க ஆசிரியரைக் கேளுங்க! அந்த விமர்சனம் காலையிலேயே அவர் கைக்குப் போயிடுச்சு. படம் ஆரம்பிச்சது மதியம். அப்ப நான் பார்க்காமதானே எழுதியிருக்கணும்?"

அடுத்த அழைப்பு. ஆசிரியர் எடுத்தார்.

"ஆமா மேடம், காலையிலேயே வந்துடுச்சு... அவர் எப்பவும் சீக்கிரம் கொடுத்துடுவார், நல்ல பழக்கம்... இருங்க. ப்ரிவியூ எப்ப ஆரம்பிச்சுதுன்னு சொன்னீங்க?"

"மதியம். இவர் தூங்கிட்டேங்கறார்."

ஆசிரியர் பேனாவைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது.

"அவர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன் சார்" என்றார் தேள், ஈனஸ்வரத்தில்.

"தூங்கிட்டியாமே?"

"ஆமா சார்."

"நாளையிலேர்ந்து வீட்டுலயே தூங்கு!"

டொக்!

அவ்வளவுதான், வேலை போயிற்று. எத்தனையோ பேரின் தொடர்களை ஒற்றை வரியில் முடித்துவைத்த மனிதரின் கதை ஒற்றை வரியில் முடிந்தது. தேளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சரி, விமர்சனம் காலையில எழுதினதுன்னே வச்சுக்கலாம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "அதுவும் உங்களுக்குச் சாதகமா இல்ல. கழுத்தை நெரிக்கணும்னு காலையிலேயே திட்டம் போட்டிருக்கீங்க, அவ்வளவுதான். நீங்க தூங்கினதுக்கு யார் சாட்சி?"

தேள் காலி சீட்டுகளைச் சுற்றிப் பார்த்தார்.

"நிஜமா முழிச்சிருந்தவர் யாரு, அவர் என்ன பார்த்தார்னு எனக்குத் தெரியணும். பரீட்சை வைக்கிறேன். நாலாவது எபிசோட்ல என்ன நடந்தது? நீங்க சொல்லுங்க, நட்சத்திரம்."

நட்சத்திரம் தொண்டையைச் செருமினான். "நாலாவது எபிசோட்... மேக்கிங் வேற லெவல் மேடம். மருமக ரகசிய அறையைத் திறக்கிறா. அங்கே... ஒரு அதிர்ச்சி! ரெண்டரை நட்சத்திரம்."

"என்ன அதிர்ச்சி?"

"அது... பார்க்கறவங்க சுவாரஸ்யம் கெட்டுடுமே மேடம்?"

பி.ஆர்.ஓ. மெதுவாகச் சொன்னாள். "மேடம், இதெல்லாம் நாங்க வாசல்ல கொடுத்த துண்டுப் பிரசுரத்துல இருக்கறது. 'ரகசிய அறையைத் திறக்கிறாள். அங்கே ஒரு அதிர்ச்சி!' அவ்வளவுதான் போட்டிருந்தோம்."

"ம்ம். தேள் சார்?"

"எனக்குத் தெரியாது மேடம். ஒண்ணாவதே தெரியாது."

"சர்க்கரை சார்?"

சர்க்கரையின் ஈரமான கண்களில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அற்புதமான எபிசோட் மேடம் அது! ரகசிய அறைக்கதவைத் திறக்கிறா. உள்ளே மாமனார்! பக்கவாதம்னு வருஷக்கணக்கா சக்கர நாற்காலியில கிடந்த மாமனார், மெதுவா எழுந்து... நடந்து வந்து... மருமக தலையில கை வச்சு, 'நீயாவது என்னைக் கண்டுபிடிச்சியேம்மா'ங்கறார். அந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

இன்ஸ்பெக்டருக்கே கண் லேசாகக் கலங்கியது. "மாமனார் நடக்கறாரா! முதல் சீசன்லேயே எனக்கு ஒரு சந்தேகம்..." சட்டென்று மிட்டாயைக் கடித்துச் சுதாரித்தாள். "ஆக, முழிச்சிருந்தவர் நீங்க ஒருத்தர்தான். தேள் சார் டைரக்டர் பக்கமா சாய்ஞ்சதைப் பார்த்தவரும் நீங்கதான். போதும். கான்ஸ்டபிள், தேள் சாரை வண்டியில ஏத்துங்க!"

கான்ஸ்டபிள் தேளின் கையைப் பிடித்தார். பிடியில் தயவு தாட்சண்யம் இல்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு இருமல் கேட்டது.

*

ஆபரேட்டர். ப்ரொஜக்டர் ஓட்டுகிறவர். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அம்மா... ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. கொலைக் கேஸுன்னு சொன்னதும் மறைக்கக் கூடாதுன்னு இறங்கி வந்துட்டேன்."

"சொல்லுங்க."

"நாலாவது எபிசோட் நான் ஓட்டவே இல்லம்மா. கைதவறி மூணாவதையே ரெண்டு தடவ போட்டுட்டேன். பாதியில கவனிச்சேன். கீழேர்ந்து யாராவது கத்துவாங்கன்னு பயந்துட்டே இருந்தேன்... ஒருத்தர்கூட ஒண்ணும் கேக்கல. சரி, புடிச்சிருக்கு போலன்னு அஞ்சாவதுக்குப் போயிட்டேன்."



நட்சத்திரம் மெல்லப் போனைப் பைக்குள் போட்டான். "நானும் தூங்கிட்டேன் மேடம்" என்றான், கேட்காமலேயே.

தேளின் மூளைக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. பல வருஷத் தூக்கத்துக்குப் பிறகு.

"பி.ஆர்.ஓ. மேடம்" என்றார். "மாமனார் எழுந்து நடப்பார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கே இப்ப இவர் சொல்லித்தான் சார் தெரியும்! நாலாவதை டைரக்டர் யாருக்குமே காட்டல. இன்னிக்குக் காலையிலதான் கொடுத்தனுப்பினார்."

தேள் கான்ஸ்டபிளின் கையை உதறினார். சர்க்கரையின் முன்னால் போய் நின்றார்.

"பிரசுரத்துல இல்ல. திரையிலயும் ஓடல. மாமனார் என்ன வசனம் பேசுவார்ங்கறது வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும் சர்க்கரை? பார்த்துத் தெரிஞ்சிருக்க முடியாது. எழுதினவனுக்குத்தான் தெரியும்... நீங்கதான் இந்தக் கதையை எழுதினீங்க!"

சர்க்கரையின் கையிலிருந்து கைக்குட்டை நழுவியது.

"அதோட" என்றாள் இன்ஸ்பெக்டர், மிட்டாயை மறந்துபோய், "முழிச்சிருந்தவர் மூணாவது ரெண்டு தடவ ஓடினதைக் கவனிச்சிருக்கணுமே?"

சர்க்கரை பொத்தென்று சீட்டில் உட்கார்ந்தார்.

"கேட்டேன் மேடம்" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில். "முதல் தடவ மருமக அலறினப்ப, அந்தச் சத்தத்துல காரியத்தை முடிச்சேன். ஓடி வந்து மூலையில கண்ணை இறுக்க மூடிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அதே அலறல் மறுபடியும் கேட்டுது. நான்... என் மனசாட்சின்னு நினைச்சேன்!"

தேளுக்கு இப்போது பழைய மிடுக்கு வந்துவிட்டது.

"எல்லாம் புரியுது மேடம்! கதை இவரோடது. டைரக்டர் இவரைத் திருட்டுத்தனமா எழுத வச்சு, டைட்டில்ல பேரைப் போடாம ஏமாத்திட்டார். அந்த ஆத்திரம்! ரொம்பப் பழைய கதை!"

சர்க்கரை தலையை உயர்த்தினார்.

அந்தப் பஞ்சு மனிதரின் கண்களில் அப்படி ஒரு வெறுப்பை யாரும் பார்த்ததில்லை.

"பேரைப் போடலையா? போட்டிருந்தாருய்யா! முதல் சீசன்ல நான்தான் பயந்துக்கிட்டு பேர் வேண்டாம்னேன். இந்தத் தடவ பிடிவாதமா, கொட்டை எழுத்துல, 'கதை, வசனம்'னு என் பேரைத் தனியாப் போட்டார் அந்தத் தங்கமான மனுஷன். நீங்க யாருமே பார்க்கல! பேர் ஓடும்போதே தூங்கிட்டீங்க!"

இன்ஸ்பெக்டர் பி.ஆர்.ஓ.வைப் பார்த்தாள்.

"டைட்டிலையெல்லாம் நாங்க பார்க்காம ஓட்டி விட்டுடுவோம் மேடம்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்புறம் ஏன்யா டைரக்டரைக் கொன்னே?" தேள் குழம்பினார்.

"அவரை நான் ஏன் கொல்லணும்? எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மனுஷனை?" சர்க்கரையின் குரல் உடைந்தது. "நான் கொன்னது உன்னை!"

தேளின் வாய் திறந்தது. மூடவில்லை.

"போன சீசனுக்கு என்ன எழுதினே? 'இந்தக் கதாசிரியர் கையில் பேனாவுக்குப் பதில் விளக்குமாறு கொடுத்திருந்தால், தெருவாவது சுத்தமாகியிருக்கும்!' என் பொண்ணு அதைச் சத்தமாப் படிச்சு விழுந்து விழுந்து சிரிச்சா. எழுதினது அப்பான்னு அவளுக்குத் தெரியாது. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். அன்னிக்குப் பட்டது இன்னும் ஆறல. இருந்தாலும் கொல்லணும்னு வரலய்யா நான். இந்தத் தடவ நீ நல்லா ஒரு வார்த்தை சொல்லுவேன்னு ஆசைப்பட்டு வந்தேன். திரையில என் பேர் வந்துது. கண்ணு நிறைஞ்சு பார்த்துட்டிருக்கேன், நடு வரிசையிலேர்ந்து குறட்டை! ரெண்டு எபிசோட் பொறுத்தேன். மூணாவதுல முடியல. விளக்கு அணையறதுக்கு முன்னால நீ எந்த சீட்ல உட்கார்ந்தேன்னு பார்த்து வச்சிருந்தேன். இருட்டு. ரெண்டும் ஒரே மாதிரி வழுக்கை. இடம் மாறினது எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

"நெரிச்சு முடிச்ச பிறகும் குறட்டை நிக்கல... அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்."

தேளின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது. அந்த நல்ல மனிதர், 'இங்கே உட்காருங்க சார்' என்று சிரித்துக்கொண்டே எழுந்து இடம் கொடுத்ததை நினைத்தார். ஒரு நல்ல தூக்கத்துக்காக ஆளைச் சாகக் கொடுத்திருக்கிறோம் என்று மனசு வலித்தது. நிஜமாகவே வலித்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றார் சர்க்கரை, கான்ஸ்டபிள் விலங்கை மாட்டும்போது. "போன சீசன்... அதையாவது பார்த்துட்டுத்தானே அப்படி எழுதினே?"

தேள் பொய் சொல்ல நினைத்தார். நாக்கு எழவில்லை.

"இல்ல சார்" என்றார். "அதுவும்... தூங்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

சர்க்கரை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கான்ஸ்டபிளுக்கு முன்னால் நடந்து வெளியே போனார்.

வெளியே ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு புது மிட்டாயைப் பிரித்தாள்.

"எல்லாரையும் பாராட்டிட்டே இருந்த மனுஷன் சார் அவர். எப்படி இப்படி?"

தேள் தன் கழுத்திலிருந்த டேக்கைப் பத்திரமாகக் கழற்றி சீட்டின் மேல் வைத்தார்.

"பழக்கமில்லாத வேலை மேடம். வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒருத்தரைக் காட்டமா விமர்சனம் பண்ணக் கிளம்பினார்... கடைசியில அவரும் என்னை மாதிரியே சரியாப் பார்க்காமப் பண்ணிட்டார்!"